டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

நம் சங்கத்தின் சென்ற கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்து கொண்டிருந்த வேளையில், எழுபது பிராயத்தைக் கடந்த மூதாட்டி ஒருவர் என்னை அருகழைத்தார். அவர்தம் அன்னையார் நம் விராலிமலைத் திருக்கோயிலில் சண்முகநாதப் பெருமான் திருமுன்பு பணி செய்தவர். ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் முத்துலட்சுமி அம்மையாரின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறீர்களே, எங்கள் அம்மாவின் கையிலிருந்த கும்பதீபத்தை வாங்கிக் கீழே வைத்தவர் அவர்தாமே, வாத்தியார் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றாரா என்பது அவருடைய வினா. சினத்தோடு அவர் கேட்கவில்லை. அறிந்து கொள்ளும் விருப்பத்தோடு கேட்டார். எனக்கோ உடனே விடை பகரத் தோன்றவில்லை. பத்திரிகைக்கு ஒரு சரிதம் வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் பணித்தபோது அவ்வினாவே முன் வந்து நின்றமையால், அம்மையார் சரிதத்தையே எழுதத் துணிந்தேன்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டை நகரில் தோன்றினார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைமை ஆசிரியராய் விளங்கிய கல்விமான். அன்னையார் சந்திரம்மாள், நம் குலத்தில் உதித்தவர். கோயிற்பணிக்குரிய மரபில் வந்த ஒரு பெண்மணியை மணந்தமையால் ஐயர் தம் சுற்றத்தாரின் வெறுப்புக்கு ஆளானார். ஆகவே அக்குழந்தை வளர்ந்த இல்லம் இரண்டு சமூகங்களின் எல்லையில் நின்ற இல்லம் எனலாம். ஒரு புறம் அவரை முழுதும் தம்மவராக ஏற்கவில்லை. மறு புறத்திலோ, பெண்மக்களுக்கு என்ன நேரும் என்பதை அவர் கதையாகக் கேட்கவில்லை, கண்ணாரக் கண்டார். பிற்காலத்தில் தம் அன்னையாரின் குலத்தைக் குறித்து அவர் விரித்து எழுதினாரல்லர். அது கண்டு நம்மவருள் சிலர் குறைபட்டுக் கொள்வதுண்டு. நாம் எத்தனை பேர் வெளியூரில் வாடகைக்கு வீடு தேடும்போது நம் குலத்தைத் தயங்காமல் சொல்லுகிறோம்? அதை எண்ணிப் பார்த்தால் அக்குறை எழாது.

பூப்பெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது அக்காலத்து வழக்கமன்று. ஆதலின் பதின்மூன்று வயதளவில் பள்ளி நின்றது, கல்வி நிற்கவில்லை. தந்தையாரும் ஆசிரியர்களும் வீட்டிலேயே கற்பிக்க, 1902-ஆம் ஆண்டில் தனித் தேர்வாளராக மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு மேல் கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்மக்கள் கல்லூரி ஒன்றே. ஒரு பெண் உள்ளே நுழைந்தால் இளைஞர் ஒழுக்கம் கெடும் என்று சிலர் முறையிட்டனர். அப்பெண்ணின் பிறப்பையும் சேர்த்துக் காதோடு காதாகப் பேசினர். விண்ணப்பம் அரசர் வரை சென்றது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் பொருட்படுத்தாது இடம் அளிக்க ஆணையிட்டார். 1904-ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் அவர் ஒருவரே மாணவி.

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டில் உயர் சிறப்போடு பட்டம் பெற்று, எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் இல்ல மருத்துவராய் அமர்ந்தார். அப்பதவியிற் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்ற உடன்பாட்டின் மேல்தான் அம்மணம் நிகழ்ந்தது. பொட்டுக் கட்டிய பெண்டிரின் வாழ்வைக் கண்ட ஒருவர், மணம் என்னும் கட்டினையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை.

இனி அவருடைய வாழ்வின் நடுப்பகுதிக்கு வருவோம். 1925-ஆம் ஆண்டில் அரசாங்க உதவியுடன் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று திரும்பிய அம்மையார், இந்திய மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளால் சென்னைச் சட்டசபைக்கு அரசாங்கத்தாரால் நியமிக்கப் பெற்றார். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியலிற் புகுவதற்கு முதலில் அவர் தயங்கினார். 1927-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சபை கூடியபோது உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். உலகச் சட்டசபைகளில் அப்பதவியை எய்திய முதற் பெண்மணி புதுக்கோட்டையார் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அப்பெருமையை விட, அந்த நாற்காலியில் அமர்ந்து அவர் எதனைப் பார்த்தார் என்பதே இங்கு முக்கியம்.

நம் இளைஞர் பலருக்குப் பழைய ஏற்பாடு விளங்குவதில்லை; ஆகையால் சிறிது விரித்துரைக்கின்றேன். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழர் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுடைய ஒரு பங்கு நிலமும் அளித்தார் என்று கல்வெட்டுக் கூறும். பின்வந்த அரசரும் பாளையக்காரரும் சமீன்தாரரும் அவ்வழியே மானியம் விட்டனர். மானியம் பணிக்காக விடப்பட்டது. பணி நின்றால் மானியமும் போய்விடும். தாய் மூப்படைந்தாள் எனின், அவள் மகளோ, மகளில்லையாயின் சுவீகாரப் பெண்ணோ பொட்டுக் கட்டிக்கொண்டு அப்பணியை ஏற்றாக வேண்டும். ஏலாவிடின் குடும்பம் முழுதும் நிலமிழந்து தெருவில் நிற்கும். பெண் மழலைப் பருவத்திலேயே இறைவனுக்கு உரியவள் ஆகின்றாள். இறைவன் பெயரால் ஊர்ப் பெருந்தனக்காரர் ஒருவருக்கு உரியவள் ஆகின்றாள். அவளைக் கேட்டார் எவருமிலர். சிறுமியரை விபசாரத்தின் பொருட்டு ஒப்படைத்தல் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் முன்னமேயே இருந்தன. இருந்தும் என்ன பயன்? கோயிற் சடங்கென்னும் போர்வை மேலே கிடந்தமையால் அச்சட்டம் உள்ளே புகவில்லை.

அம்மையார் செய்த நோய்நாடல் இவ்விடத்தில்தான் மருத்துவர்க்குரிய கூர்மையோடு அமைந்தது. ஒழுக்கக் கேடென்று பெண்களைப் பழித்துப் பேசியவர் அந்நாளில் நூற்றுக்கணக்கானவர். அம்மையாரோ நிலப் பட்டாவைப் பார்த்தார். பொட்டுக் கட்டுவதை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை 1927 நவம்பரில் சபையிற் கொணர்ந்து நிறைவேற்றிய பின்னர், இந்து அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்த மசோதா கொணர்ந்தார். அஃது 1929-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அதன் சாரம் இது: பணிக்காக விடப்பட்ட மானிய நிலம், பணியைத் துறந்தாலும் அப்பெண்ணுக்கே சொந்தமாகும், அவளைக் கோயிலோ தருமகர்த்தாவோ நிலத்தைக் காட்டி அச்சுறுத்த முடியாது. பொட்டுக் கட்டுவதை அச்சட்டம் நேரே தடை செய்யவில்லை. ஆனால் மகளைப் பொட்டுக் கட்டினால்தான் சோறு என்றிருந்த முடிச்சினை அது அவிழ்த்தது. அம்மையார் செய்த காரியங்களுள் எது சிறந்ததென என்னை வினவினால், மேடைகளில் அதிகம் பேசப்படாத இந்த 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தையே சுட்டுவேன்.

சபையில் எதிர்ப்பு வலுவாக இருந்தது. நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே திருமயத்திற் பிறந்த சத்தியமூர்த்தி அவர்கள், கலையும் சமயமும் கெடும் என்று வாதாடினார். தேசத் தொண்டிலே தலைசிறந்த ஒருவர் இவ்விடத்தில் எதிர்ப்புறம் நின்றார் என்பதை மறைத்தல் வேண்டா. காந்தியடிகள் அம்மையாருக்கு ஊக்கம் அளித்தார், பெரியார் ஈ. வெ. ராமசாமியும் துணை நின்றார். நம் குலத்திலேயே தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் பேசினார். பின்னர் 1936-ஆம் ஆண்டில் தாசிகள் மோசவலை என்னும் நாவலையும் எழுதினார்.

எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. சென்னையிலிருந்த தேவதாசியர் தாமே சங்கம் கூடி அரசாங்கத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயிலெடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களும் அவ்வணியில் நின்றார். தங்களை விலைமகளிரோடு ஒருங்கு வைத்து எண்ணியது பெரும் அவமதிப்பு என்பது அவர்கள் முறையீடு. இசையும் நாட்டியமும் இலக்கியமும் கற்றவர்கள் நாங்கள். எங்கள் மரபில் பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டு, பெண்ணைச் சுவீகாரம் எடுக்கும் உரிமை உண்டு. எங்களுக்கு வேண்டியது கல்வி, தடையன்று என்றனர். அவ்விண்ணப்பத்தை வெறும் சுயநலம் என்று தள்ளிவிடுவது எளிது. நியாயம் அன்று. மற்றைய குலத்துப் பெண்ணுக்குத் தந்தை சொத்தில் ஒரு சாண் நிலமும் இல்லாதிருந்த காலத்தில், வீடும் நிலமும் பெண் வழியே இறங்கிய குடும்பங்கள் நம்முடையவை.

இதனோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சங்கத்து ஆடவர் சிலர் முகம் சுளிக்கலாம். அந்நாளில் நம் குலத்து ஆடவர் சங்கங்கள் அம்மையாரின் மசோதாவைப் பெரும்பாலும் ஆதரித்தன. மானம் காக்க ஆதரித்தோம் என்று நாம் சொல்லிக் கொள்கிறோம். அதுவும் உண்மையே. ஆயினும் பெண் வழிச் சொத்து ஆண் வழிக்குத் திரும்புவதற்கும் அம்மாறுதல் கதவு திறந்தது. பெரிய மேளத்தார் நாகசுரத்தோடு கோயிலிற் சிறந்து விளங்க, சின்ன மேளத்தார் எனப்பட்ட பெண்டிர் மட்டும் தம் கலையை மறைத்துக் கொண்டு வாழ நேர்ந்தது. இசை வேளாளர் என்னும் பெயரால் நாம் தலை நிமிர்ந்தோம். அப்பெயருக்கு இசையைத் தந்தவருட் பாதிப் பேர் நம் வீட்டுக் கூடத்தின் படங்களில் இடம்பெறவில்லை.

1930-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பொட்டுக் கட்டுவதையே முழுதும் தடுக்கும் மசோதாவை அம்மையார் கொணர்ந்தார். அது நிறைவேறுவதற்கு முன், உப்புச் சத்தியாக்கிரகத்திற் காந்தியடிகள் சிறை சென்றமை கண்டு, தம் பதவியைத் துறந்து வெளியேறினார். மசோதா கிடப்பிற் கிடந்தது.

பதவி போயிற்று, பணி வாயிலைத் தட்டிக்கொண்டு வந்தது. பொட்டுக் கட்டுக்கு அஞ்சித் தப்பி வந்த சிறுமியர் மூவர் அம்மையார் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைப் படிக்க வைக்க விரும்பி, நகரத்து மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். பிராமணர் விடுதியும் மறுத்தது. பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. சீர்திருத்தம் பேசிய நகரத்தில் மூன்று பெண் குழந்தைகளுக்குப் படுக்க ஓரிடம் கிட்டவில்லை! அம்மையார் தம் வீட்டையே விடுதியாக்கினார். அடையாற்றில் வளர்ந்து பள்ளியும் இல்லமுமாய் இன்றும் நிலவும் ஔவை இல்லத்தின் தோற்றம் இதுவே. இளம் விதவைகளும் கைவிடப்பட்டோரும் அநாதைக் குழந்தைகளும் அங்கே வந்து சேர்ந்தனர். தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கு அப்பெயரில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு: யாருக்கும் மனைவியாகவோ அடிமையாகவோ அன்றி, தன் புலமையால் ஊர் ஊராகச் சென்று மன்னர் அவையிலும் குடிசையிலும் ஒன்றுபோல் அமர்ந்த கிழவியின் பெயரை அன்றோ அச்சிறுமியருக்குக் காவலாக வைத்தார்!

அம்மையாரிடத்து யான் உடன்படாத இடமும் ஒன்று உண்டு. 1932-ஆம் ஆண்டு இறுதியில், சதிர் நாட்டியம் பொது நிகழ்ச்சிகளில் நடைபெறுவதையே அவர் கண்டித்து எழுதினார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர், கலை வேறு, கலைஞர்க்கு நேர்ந்த இழிவு வேறு என்று மறுத்தெழுத, பத்திரிகைகளில் நெடிய விவாதம் நடந்தது. கலை பிழைத்தது. 1935-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவியார் அடையாற்றில் ஆடினார். பரதநாட்டியம் என்னும் பெயரோடு அஃது உயர்ந்த வீடுகளிற் புகுந்தது. நம் நட்டுவனார்கள் அவ்வீடுகளுக்குச் சென்று கற்பித்தனர். பாலசரசுவதி அம்மையார் போன்ற மிகச் சிலரே நம் குலத்திலிருந்து அரங்கில் தம் இடத்தை விடாது நின்றனர். நோயுற்ற பகுதியை அறுக்கும் சத்திர வைத்தியர், அதனைச் சுற்றியுள்ள நல்ல தசையிலும் சிறிது சேர்த்தே அறுப்பர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நோய் பரவாதிருக்க அது வேண்டும்போலும். ஆனால் வலி அந்தத் தசைக்கும் உண்டு.

இறுதியாக 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்ணைக் கோயிலுக்கு அர்ப்பணம் செய்தல் சட்ட விரோதம் ஆயிற்று. முன்னமே பொட்டுக் கட்டிய பெண்ணும் சட்டப்படி மணம் செய்து கொள்ளலாம் என்று விதிக்கப் பெற்றது. அதே சட்டம், கோயில் எல்லைக்குள் பெண்கள் ஆடுவதையும், கும்பாரத்தி எடுப்பதோடு சேர்ந்த ஆடலையும் தடுத்தது. சென்னைச் சட்டம் அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் செல்லாது. விராலிமலையோ தொண்டைமான் சீமையைச் சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ந் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. மூதாட்டியார் குறிப்பிட்ட கும்பதீபம் கீழே வைக்கப்பட்ட வரலாறு இதுவாகும். முத்துப்பழனிக் கவிராயர் இயற்றிய விராலிமலைக் குறவஞ்சியை நம் கோயிலில் ஆடி வந்த முப்பத்திருவர் மரபும் அதன்பின் மங்கியது. அம்மரபில் எஞ்சியவராகிய முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப் பெற்றதை நம் சங்கத்தார் அனைவரும் அறிவர். நாளும் மலைப்படி ஏறி இறைவன் திருமுன் பாடி ஆடிய அவ்வம்மையார், அப்பணியை என்றும் இழிவாகப் பேசியதில்லை.

சட்டங்களோடு அம்மையாரின் சரிதம் முடிந்துவிடவில்லை. அவர் இங்கிலாந்து செல்வதற்கு முன்பே, அவருடைய தங்கையார் ஒருவர் நோயுற்றார். சீதபேதி என்று மருத்துவர் கருதினர். அதற்கே மருந்தும் கொடுத்தனர். புற்றுநோய் என்று தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. அத்தனை படித்த அக்காள் அருகில் அமர்ந்திருந்தும், அந்நோயினின்று தங்கையைக் காக்க இயலவில்லை. அவர் பட்ட துன்பத்தைப் பார்த்துக் கொண்டிருப்பது ஒன்றே இயன்றது. லண்டனில் அம்மையார் அந்நோய்க்குரிய மருத்துவமனைக்குச் சென்று பயின்றது அந்நினைவினால்தான். 1935-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், தமிழ்நாட்டுக்குத் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்றார். கேட்டவர் பலர், செவி சாய்த்தவர் சிலர். தீராத நோய்க்கு எதற்குத் தனி மருத்துவமனை, அந்நோயாளிகள் எப்படியும் இறப்பவர்தாமே என்பது ஆட்சியிலிருந்தோர் எண்ணமாக இருந்தது. அம்மையார் உண்டியல் ஏந்தினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை இராப்பகலாக வளர்த்தனர். நம் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ, திருச்சியில் ரெயிலேறி அவ்வாயிலிற் போய் நின்றிருக்கின்றன.

1956-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப் பெற்றது. 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ந் தேதி, எண்பத்திரண்டு நிறைவதற்கு எட்டு நாள் இருக்கையில், அம்மையார் மறைந்தார். கருவுற்ற ஏழைத் தாய்மாருக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் அளிக்கும் மகப்பேற்று நிதியுதவி அவர் பெயரால் வழங்கி வருகிறது. நம் பிள்ளைகள் பலர் அப்பெயரைப் படிவத்தில் மட்டுமே கண்டிருப்பர்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன், அம்மூதாட்டியின் இல்லத்துக்குச் சென்று முழுதும் படித்துக் காட்டினேன். நாட்டியத்தைக் கண்டித்த பகுதி வந்தபோது ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்துக் கொண்டிருந்தார். 1929-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தைக் கேட்டபோது, அது நம் சமஸ்தானத்துக்கும் அன்றே வந்ததா என்று வினவினார். சென்னை மாகாணத்துக்கு மட்டும் என்றேன். முடித்துத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவனை இருக்கச் சொல்லி, அந்தத் தங்கை நோயுற்றுக் கிடந்த பகுதியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன்.